ஒரே ஒரு தடவை குட்டி போடட்டுமே!

கேள்வி: வணக்கம் அக்கா. செங்காங்கில் நாலறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். எங்கள் பொமரேனியன் லட்டுவுக்கு இரண்டரை வயது. இன்னும் கருத்தடை செய்யவில்லை. பெண் நாய் ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார் மாமியார். ஹவ்காங்கில் நண்பரிடம் நல்ல ஆண் நாய் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் குட்டி பார்க்க ஆசை. இரண்டைக் கொடுத்தால் செலவும் கையில் வந்துவிடும். ஒரே ஒரு தடவைதான். என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஒரு தடவை குட்டி போடுவதால் நாயின் உடம்புக்கு எந்த லாபமும் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்து உண்டு. குட்டி போட்டிருந்தாலும் அது விடாது.

அப்புறம் சட்டம். ஒரு வீவக வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட சிறிய ரகத்தில் ஒரு நாய்தான். குட்டியை விற்க உரிமம் வேண்டும், வீவக வீட்டை வைத்துக்கொண்டு அது கிடைக்காது. உரிமம் உள்ளவர்களுக்கே 2022 ஏப்ரல் முதல் விதி இறுகிவிட்டது. ஒரு வயது ஆகாததையும் ஆறு வயது கடந்ததையும் இணை சேர்க்கக்கூடாது, வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. ஆக, வரும் என்று நீங்கள் போட்ட கணக்கு வராது.

இதை அதிகாரி மாதிரிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். குட்டி எடுக்கிற குடும்பத்தில் வளர்ந்தவள் நான். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தர். 1971-ல் பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டியபோது ஓர் அதிகாரியின் மனைவி ஜூடி என்ற பொமரேனியனை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டு நாய்ப் பைத்தியம் அன்றைக்குத் தொடங்கியது. பிறகு நானும் என் வீட்டுக்காரரும் பாசிர் ரிஸ் ஃபார்ம்வேயில் உரிமத்தோடு சின்னப் பண்ணை வைத்திருந்தோம். எட்டுப் பெண் நாய், மூன்று ஆண் நாய். பள்ளி விட்டதும் பிள்ளைகள் இரண்டும் நேராக அங்கேதான் வருவார்கள். குத்தகை முடிந்ததும் மூடிவிட்டோம்.

அந்த மூன்று ஆணில் ராஜா என்று ஒன்று. ஆரஞ்சு நிறம், நடந்தால் வாலும் சேர்ந்து நடக்கும். அதை ஒரு நல்ல பெண் நாயோடு சேர்த்தோம். இரண்டும் பார்க்க அழகு, அது போதும் என்று நினைத்தோம். நாலு குட்டி. ஒன்றேகால் வருடம் கழித்து பிடோக்கிலிருந்து ஓர் ஆசிரியை, அதில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் மூன்று காலில் தத்தித் தத்தி நடந்தது. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “இதுக்கு இப்ப என்னங்க செய்யணும்?” திட்டியிருந்தால் தேவலை.

முழங்கால் சில்லு தடத்தைவிட்டு நழுவுகிற கோளாறு அது. சின்ன ரகங்களில் சகஜம், பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அறுவைச் சிகிச்சைச் செலவில் பாதியைக் கொடுத்தோம். குட்டியின் அப்பா, அம்மா இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ராஜாவின் காலை நீட்டி, கட்டைவிரலால் சில்லை ஓரமாகத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போனது, விரலை எடுத்ததும் தானாகத் திரும்பி வந்தது. முதல் நிலை என்றார். மொத்தம் நாலு நிலை, நாலாவதுதான் மோசம். அதுவரை ராஜா ஒரு தடவைகூட நொண்டியதில்லை!

அன்றோடு ராஜாவுக்குக் கருத்தடை. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பண்ணையில் முழங்காலும் இதயமும் கண்ணும் பார்க்காமல் ஒரு ஜோடியும் சேர்ந்ததில்லை. அழகான நாய்களில் பாதிக்குமேல் அந்தப் பரிசோதனையிலேயே நின்றுவிடும். இந்தத் தொழிலில் எங்கள் வேலை முக்கால்வாசி ‘இது வேண்டாம்’ என்று சொல்வதுதான். உங்கள் ஹவ்காங் நண்பரின் நாய்க்கு முழங்காலை யாராவது தொட்டுப் பார்த்திருக்கிறார்களா? லட்டுவுக்கு?

பிரசவமும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. சினை 63 நாள். 55-ம் நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்து எத்தனை குட்டி என்று எண்ணிவைக்க வேண்டும், அப்போதுதான் ஒன்று உள்ளே தங்கிவிட்டால் தெரியும். பொமரேனியனுக்குச் சில சமயம் ஒரே குட்டிதான் இருக்கும். ஒன்றே ஒன்று என்றால் அது பெரிதாக வளர்ந்து வழியில் சிக்கலாம், சிக்கினால் நள்ளிரவில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். குட்டி வந்த பிறகு இரண்டு வாரத்துக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க அதற்குத் தெரியாது. குளிரூட்டி போட்ட அறையில் வைத்தால் போச்சு. தினமும் இரண்டு வேளை சமையலறைத் தராசில் வைத்து நோட்டில் எழுதுவோம்: 112 கிராம், 108, 115. அந்த 108-ஐப் பார்த்த இரவு வீட்டில் யாரும் படுக்கவில்லை. பால் குடிக்கத் தெம்பில்லாத குட்டிக்கு ஈறில் குளுக்கோஸ் தண்ணீர் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் புகட்டி... அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் வீட்டுக்காரர் சிந்திய புரோட்டாக் குழம்புக் கறையோடு. தாய்க்கும் ஆபத்து தீராது. பால் கொடுக்கிற நாட்களில் சுண்ணாம்புச்சத்து இறங்கினால் மூச்சிரைத்து, நடுங்கி, இழுப்பு வந்துவிடும்.

அதனால் வேண்டாம் தம்பி. லட்டுவுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். நாய் வளர்க்கிற உரிமத்துக்கான கட்டணமும் வருடத்துக்கு 90 வெள்ளியிலிருந்து 15 ஆகிவிடும். பிள்ளைகளுக்குக் குட்டி பார்க்க ஆசை என்றால், சுங்கை தெங்கா பக்கம் விலங்குக் காப்பகங்கள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள்.

கேள்வி: நீலக் கண்ணும் திட்டுத் திட்டான நிறமும் உள்ள பொமரேனியன் குட்டிக்கு ஒருவர் இரட்டை விலை கேட்கிறார். அபூர்வ ரகமாம். வாங்கலாமா? — தெம்பனிஸ் வாசகி

பதில்: அந்தத் திட்டு நிறத்துக்குப் பெயர் மெர்ல். தாய், தகப்பன் இரண்டுமே மெர்லாக இருந்தால், நாலில் ஒரு குட்டிக்கு அந்த நிற மரபணு இரட்டைப் பங்காக வந்து காது கேட்காமலோ பார்வை இல்லாமலோ போகலாம். பெற்ற இரண்டின் மரபணுப் பரிசோதனைத் தாளைக் கேளுங்கள். “அதெல்லாம் எதுக்கு சிஸ்டர்?” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு வாரக் குட்டியை இப்போதே எடுத்துக்கொண்டால் நம்மோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: ஒட்டிக்கொள்ளும், நீங்கள் பாத்ரூம் போனாலும் கத்தும் அளவுக்கு. கடிக்கும் வேகத்தை எங்கே நிறுத்துவது என்பதைத் தாயும் கூடப்பிறந்ததுகளும்தான் சொல்லிக்கொடுக்கும். எட்டு வாரமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். எடுக்கப் போகும்போது ஒரு பழைய துணியைக் கொண்டுபோய்த் தாயின் படுக்கையில் தேய்த்துக்கொண்டு வாருங்கள். முதல் ராத்திரி அந்த வாசனை பக்கத்தில் இருந்தால் நீங்களும் கொஞ்சம் தூங்கலாம்.