ஜெல் உறையைக் கழற்றுங்கள், அட்டையில் அளவெடுங்கள்

கேள்வி: செங்கோட்டையில் வசிக்கிறேன், வயது 46. நான்கு மாதங்களுக்கு முன் ரோடு பைக் (குனிந்து ஓட்டும் வேக சைக்கிள்) வாங்கி, ஞாயிறுதோறும் புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை சென்று திரும்புகிறேன். ஒரு மணி நேரம் கடந்ததும் உட்காரும் இடம் வலிக்கிறது, தொடையிடுக்கு மரத்துப்போகிறது. சீட்டுக்கு ஜெல் உறை மாட்டிய பின் இன்னும் அதிகமாகிவிட்டது. எந்த சீட் வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த உறையைக் கழற்றிவிடுங்கள். சைக்கிளில் நம் எடையைத் தாங்க வேண்டியவை, இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் துருத்தி நிற்கும் இரண்டு முனைகள். சீட் அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் அம்முனைகள் அதற்குள் அமிழ்ந்துவிட, நடுப்பகுதி மேலெழும்பி, நரம்பும் இரத்தக்குழாயும் செல்லும் மென்மையான இடத்தை அழுத்துகிறது. மரத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

நம் தந்தையர் ஓட்டிய சைக்கிளில் ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் சுகமாக இருந்ததே என்று தோன்றலாம். அதில் நிமிர்ந்து உட்கார்ந்ததால் எடை முழுவதும் பின்பக்கம் இறங்கியது. ரோடு பைக்கில் குனிந்து ஓட்டும்போது எடையில் ஒரு பங்கு கைகளுக்குப் போகிறது, இடுப்பும் முன்னோக்கிச் சாய்கிறது. அங்கே அத்தனை அகலம் தொடையில் உரசிப் புண்ணாக்கும்.

உங்களுக்கு வேண்டிய அகலத்தை வீட்டிலேயே அறியலாம். கெட்டியான மர ஸ்டூலின் மேல் நெளி அட்டையை வைத்து, மெல்லிய ஆடையுடன் அதன்மீது உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கிச் சற்று முன்னால் குனியுங்கள். அட்டையில் விழும் இரண்டு பள்ளங்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் பலருக்கும் 100 முதல் 150 மி.மீ. வரை இருக்கும். அதனுடன் 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் வருவதே, நீங்கள் தேட வேண்டிய சீட்டின் தோராயமான அகலம். உடல் பருமனை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஒல்லியானவருக்கும் இந்த எலும்புகள் அகன்றிருக்கலாம்.

ஆனால் பணம் செலவழிப்பதற்கு முன், இப்போதுள்ள சீட் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் பலருக்கும் புது சீட்டே தேவைப்படுவதில்லை. பெடல் கீழே இருக்கையில் அதன்மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது லேசாக மடங்க வேண்டும். சீட் உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடி உரசலை உண்டாக்கும். சீட்டின் மேல்பரப்பு ரசமட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். தேவையானால் சீட்டின் மூக்குப் பகுதியை (முன்முனையை) 1 அல்லது 2 டிகிரி மட்டும் தாழ்த்தலாம். அதற்கு மேல் தாழ்த்தினால் உடல் முன்னால் வழுக்கி, மணிக்கட்டு வலிக்கும். ஒரே நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, பழைய நிலையை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாதையையும் கணக்கில் கொள்ள வேண்டும். சாரல் மாதங்களில் கணவாய் வழியே எதிர்க்காற்று வீசும்போது தானாகவே தாழக் குனிவீர்கள். அழுத்தம் சீட்டின் முன்பக்கம் சேரும். புளியரை எஸ் வளைவில் உட்கார்ந்தபடி ஏறுகையில் அது பின்பக்கம் நகரும். இவ்விரண்டுக்கும் ஈடுகொடுக்க, நடுவே நீளப் பள்ளமோ திறப்போ உள்ள, ஓரளவு உறுதியான சீட்டையே நான் பரிந்துரைப்பேன். சில நாள் ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ள ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

பேட் வைத்த சைக்கிள் டிரவுசருக்கு உள்ளே ஜட்டி அணியாதீர்கள். அதன் தையல் ஈரத்தில் தோலை அறுக்கும். நனைந்த டிரவுசருடன் டீக்கடையில் நெடுநேரம் உட்காரவும் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடல்மேல் எழுந்து நின்று இரத்த ஓட்டத்துக்கு வழிவிடுங்கள். மரத்துப்போகத் தொடங்கினால் உடனே இறங்கி நடங்கள்; வீடு திரும்பி ஓய்வெடுத்த பிறகும் உணர்வு திரும்பாவிட்டால், சைக்கிளைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள்.