நடுவில் காணாமல் போன முப்பது ஆண்டுகள்

கேள்வி: 1934ஆம் ஆண்டின் ரோல்ஸ்-ராய்ஸ் 20/25 கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு கதவுள்ள திறந்த பாடி. முழுக்கப் புதுப்பித்துக் கண்ணாடிபோல் வைத்திருக்கிறார்கள். முதல் உரிமையாளர் யார் என்பது தெரியும். 1950களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் யாரிடம் இருந்தது என்பதற்கு ஒரு தாளும் இல்லை. "எல்லாம் ஒரிஜினல்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த முப்பது ஆண்டுகளில் காரின் பாடியே மாறியிருக்கலாம்.

அந்தக் காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் சேசிஸ் எனும் அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் மட்டுமே செய்தது. பாடியை ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு போன்ற நிறுவனங்கள் வாங்குபவரின் விருப்பப்படி கட்டிக்கொடுத்தன. போருக்குப் பிறகு பெரிய மூடிய கார்கள் பல, மலிவாகக் கைமாறிச் சவ ஊர்திகளாயின. பின்னாளில் அவற்றில் சிலவற்றின் மேல் புதிதாகத் திறந்த பாடி கட்டி விற்றார்கள். திறந்த காருக்கு விலை அதிகம், அதுதான் காரணம்.

ஒவ்வொரு சேசிஸுக்கும் நிறுவனம் ஒரு அட்டை எழுதிவைத்தது. யார் வாங்கினார், பாடியைக் கட்டியது யார், அது எந்த வகை என்பதெல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்திலுள்ள ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் சங்கம் இவற்றைப் பாதுகாக்கிறது. விற்பவர் நீட்டும் நகலை ஏற்காமல், சேசிஸ் எண்ணைக் கொடுத்து நீங்களே கேட்டு வாங்குங்கள். அட்டையில் மூடிய பாடி என்று இருந்தாலும் கார் மோசமானது என்று பொருளில்லை. ஆனால் விலை இறங்க வேண்டும். பாடி மாறிய செய்தி விற்பனைப் பத்திரத்தில் ஏற வேண்டும்.

தொடர்ச்சியான வரலாற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. பிரான்சில் நடக்கும் லெ மான் கார்ப் பந்தயத்தை 1929, 1930இல் வென்ற பென்ட்லி கார் 'ஓல்டு நம்பர் ஒன்'னில் பழைய பாகங்கள் அநேகமாக மிஞ்சவில்லை என்று வாங்க ஒப்புக்கொண்டவர் பின்வாங்கினார். 1990இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அதை உண்மையான 'ஓல்டு நம்பர் ஒன்' என்றே ஏற்றது. பாகங்கள் மாறிக்கொண்டே வந்தாலும் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பதே அதற்கு அடிப்படை. உங்கள் காரில் அறுந்திருப்பது அதுதான்.

புதுப்பித்த வேலையைப் பொறுத்தவரை, பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். இந்தக் கார்கள் பலவற்றில் ஆஷ் மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருப்பார்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அதனால் பள்ளங்களை நிரப்பி மறைக்கப் பூசிய புட்டிப் பசையைக் காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பாருங்கள். கீல் உறுதியாக இருந்தும் கதவு ஆடினால், உள்ளே மரம் உளுத்திருக்கலாம். பாடியைப் பிரித்தபோது எடுத்த படங்களையும் பில்களையும் கேளுங்கள். அவை இல்லையென்றால், புதுப்பிக்காத காருக்குரிய விலையைத் தாண்டாதீர்கள்.

அட்டை வரும்வரை காத்திருக்க விற்பவர் மறுத்தால், வேறு காரைப் பாருங்கள்.