மலையேற்றத்துக்கு போன் காம்பஸ் போதுமா?

போனிலேயே காம்பஸ் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு என்று கேட்கிறீர்கள். அனேகமாக முதல் முறையாகக் கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். போன் மட்டும் போதாது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஆறு பேர் போயிருந்தோம். புல்வெளி மேட்டில் திடீரென்று மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இறங்க வேண்டியது வடகிழக்கில். போனைப் பார்த்துக்கொண்டு நான்தான் முன்னால் நடந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும், இறக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் ஏற்றம் வந்தது. எங்களில் மூத்தவர் "தம்பி, கொஞ்சம் நில்லுங்க" என்று கழுத்தில் தொங்கிய முள் காம்பஸை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதன் வடக்குக்கும் என் போன் காட்டிய வடக்குக்கும் நாற்பது டிகிரியாவது வித்தியாசம். நன்றாகப் பார்க்கலாம் என்று போனைக் கிட்டே கொண்டுபோனேன், சிவப்பு முள் ஆடி அசைந்து போன் பக்கமே திரும்பி நின்றுவிட்டது. என் ஃபிளிப் கவர் மூடுவதற்காக அதன் ஓரத்தில் வைத்துத் தைத்திருந்த சின்னக் காந்தம்தான் காரணம். கவரைக் கழற்றிவிட்டு, போனை காற்றில் எட்டு போடுவதுபோல நாலைந்து தடவை சுழற்றிய பிறகுதான் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

போனில் திசை காட்டுவதற்காக இருக்கும் மேக்னட்டோமீட்டர் என்ற காந்த சென்சார் அளக்கிற பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறினாலும், மொத்தமே 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். பக்கத்தில் ஒரு காந்தம் இருந்தால் அதுதான் ஜெயிக்கும். கார் ஸ்டாண்டில் ஒட்டுவதற்கான வளையக் காந்தம், இரும்புக் கைப்பிடி எல்லாமே முள்ளைப்போல சென்சாரையும் இழுத்துவிடும். எட்டு போட்டால் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை, ஏனென்றால் ஃபிளிப் கவரைத் திறந்து பின்னால் மடித்தாலே காந்தம் இடம் மாறிவிடுகிறது, போட்ட எட்டு வீண். 10 டிகிரி பிசகினாலே ஒரு கிலோமீட்டரில் சுமார் 175 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள்.

போன் காம்பஸே குப்பை என்று நான் சொல்லவில்லை. கவர் இல்லாமல், இரும்பு எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் எட்டு போட்டுவிட்டு, தட்டையாகப் பிடித்துப் பார்த்தால் என் போனே சில டிகிரிக்குள் சரியாகக் காட்டுகிறது. ஜிபிஎஸ் இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். இருக்கிறது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அது சொல்லும். ஆனால் நின்ற இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது, கொஞ்ச தூரம் நடந்தால்தான் தெரியும்.

   

சரி, முள் காம்பஸ் வாங்கினால் அதை போனோடு ஒரே பையில் போடாதீர்கள். போனின் ஸ்பீக்கரிலும் காந்தம் இருக்கிறது. ரொம்ப நேரம் ஒட்டியே கிடந்தால் முள்ளின் துருவமே மாறி, சிவப்பு முனை தெற்கைக் காட்டத் தொடங்கிவிடலாம்.