பழைய பிராண்டட் கேபினெட்டில் புது மதர்போர்டு மாட்டினால் ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறதே, ஏன்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின், 8 பின் பவர் கேபிள்கள் போதும். மறுபடி கரண்ட் கொடுத்து, போர்டில் கேபினெட்டின் பவர் பட்டன் ஒயர் செருகும் பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு கேபினெட்டிலோ கழற்றி வைத்த பாகங்களிலோதான். இல்லையென்றால் ரேமையும் பவர் சப்ளையையும் மாற்றிப் பாருங்கள்.

பெரும்பாலும் ஸ்டாண்ட்-ஆஃப், அதாவது போர்டைத் தாங்க கேபினெட்டில் இருக்கும் குட்டிக் கால்தான் காரணம். பழைய போர்டுக்கென இருந்த பித்தளைக் கால், புது போர்டில் ஓட்டையே இல்லாத இடத்தில் நின்று, அடியில் துருத்தும் சால்டர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். பவர் சப்ளை உடனே அணைந்துவிடும். அந்தக் காலைக் கழற்றி எடுத்துவிடுங்கள், டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம்.

கேபினெட்டின் முன்பக்க பட்டன், எல்இடி ஒயர்கள் ஒரே கனெக்டராக வந்தால் அப்படியே செருகாதீர்கள். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, பவர் பட்டனை அழுத்தும்போது மட்டும் பீப் வரும் இரண்டு ஒயர்களைக் கண்டுபிடியுங்கள். பல போர்டுகளில் அவை முன்பக்க ஒயர்களுக்கான பின் வரிசையில் 6, 8-ஆம் பின்களுக்குப் போகும், மேனுவலில் சரிபாருங்கள். ஸ்விட்சுக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. எல்இடிக்கு உண்டு.