உயில் எழுதிக் கொடுத்தவர்

அன்புள்ள ஐயா,

உங்கள் உரையில் ஃபிரெடரிக் கோஃப் பற்றி இரண்டே வரி சொன்னீர்கள். அமெரிக்க எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லருக்கு வழக்கறிஞராக இருந்தவர், ஐம்பதை நெருங்கும்போது வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஒரு டிரஸ்ட் கம்பெனிக்குத் தலைவராகப் போனார் என்று. நான் சட்டம் படிக்கிறேன். கோர்ட்டை விட்டு பேங்க் நாற்காலியில் போய் உட்கார்ந்ததில் பாராட்ட என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான சந்தேகம்தான். கோஃப் ஒன்றும் துறவி இல்லை. பெரிய கம்பெனிகளின் ஆள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டிராம் கம்பெனிக்கும் மேயர் டாம் ஜான்சனுக்கும் சண்டை முற்றியபோது, கம்பெனி தரப்பில் பேச உட்கார்ந்தவர் இவர்தான். 1908-ல் கிளீவ்லாந்து டிரஸ்ட் கம்பெனியின் தலைவரானார்.

டிரஸ்ட் என்றதும் நமக்கு தர்ம காரியம்தான் ஞாபகம் வரும். டிரஸ்ட் கம்பெனி அது இல்லை. அடுத்தவர் சொத்தை, அவர் செத்த பிறகும், அவர் எழுதி வைத்தபடி நிர்வகிக்கிற வியாபாரம். வக்கீல் உயிலை எழுதிக் கொடுத்து ஃபீஸ் வாங்கியதும் அவர் வேலை முடிந்தது. அந்த உயில் ஐம்பது வருடம் கழித்து என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டியவர் டிரஸ்ட் கம்பெனிக்காரர். வித்தியாசம் அங்கேதான்.

எத்தனை பாடு! செயின்ட் லூயிஸில் பிரையன் முல்லன்ஃபி என்பவர், மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊருக்கு வந்து சேரும் ஏழைகளுக்கு என்று சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்துவிட்டு 1851-ல் இறந்தார். அப்புறம் ரயில் வந்தது. பணம் பெருகியது, வாங்கத்தான் ஆள் இல்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளினே பாஸ்டனுக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் தலா 1,000 பவுண்டு வைத்துவிட்டுப் போனார்: தொழில் பழகி முடித்த, மணமான, 25 வயதுக்குட்பட்ட கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்க. தொழிற்சாலைகள் வந்து அப்படித் தொழில் பழகும் முறையே ஒழிந்தது. அத்தனை கெட்டிக்காரருக்கே இந்தக் கதி.

செத்தவர் போட்ட நிபந்தனை இருப்பவர்களைக் கட்டிப்போடும் இந்த நிலையை 'செத்தவன் கை' என்பார்கள். அந்தப் பிடியைத் தளர்த்த 1914 ஜனவரியில் கோஃப் கொண்டுவந்ததுதான் கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன், உலகின் முதல் ஊர்ப்பொது அறக்கட்டளை. அவர் போட்ட திட்டப்படி பலருடைய சொத்தும் ஒரே நிதியில் சேரும். முதலீட்டைப் பார்ப்பது கம்பெனி. யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு தனிக்குழு முடிவு செய்யும். அந்தக் குழுவில் பெரும்பான்மையினரை மேயரும் நீதிபதிகளும் நியமிப்பார்கள் என்று வைத்தார். காலம் மாறினால் செலவையும் மாற்றிக்கொள்ளலாம். தன் கம்பெனிக்கு வரும் பணத்தின் சாவியைத் தானே வெளியாள் கையில் கொடுத்தார் பாருங்கள், நான் மதிப்பது அதைத்தான்.

இதில் கம்பெனிக்கு லாபமும் உண்டு, மறுக்கவில்லை. உயில்கள் அங்கே குவியும் அல்லவா?

ஒரு வேடிக்கை, தொடங்கியபோது கையில் பணமே இல்லை. எழுதி வைத்தவர்கள் உயிரோடு இருந்தார்களே! சும்மா இருக்காமல் முதலில் ஊரை ஆய்வு செய்தார்கள்: பள்ளிக்கூடங்கள், பின்னர் 1920-களில் குற்றவியல் நீதிமன்றங்கள். கோஃப் 1923-ல் இறந்தார்.

கிளீவ்லாந்தைப் பார்த்து 1915-லேயே சிகாகோ இதைச் செய்தது. கூடவே பாஸ்டனும், ஃபிராங்க்ளினின் 1,000 பவுண்டு போய்ச் சேர்ந்த அதே ஊர்.