சாவியைத் திருப்பினால் ‘டக்’ மட்டும்: மலையகத்துச் சொகுசுக் கார்க்காரர்களின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே முறைப்பாடுதான்: வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எழுதியவர்களில் இருவர் மட்டுமே பற்றரியின் வோல்டை அளந்து எழுதியிருந்தார்கள். மல்டிமீற்றர் ஒன்று இரண்டு லீற்றர் எஞ்சின் ஒயிலை விட மலிவு. வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். பற்றரி டிக்கிக்குள் இருக்கும் கார் என்றால் வீட்டுக்குள் வையுங்கள். பற்றரி செத்தால் டிக்கியும் திறக்காமல் போகலாம்.

நுவரெலியா வாசகர்: 2004 பென்ஸ் ஈ 200. கொழும்பில் ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு மேலே கொண்டுவந்தால் காலையில் ‘டக்டக்டக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. உயரத்தில் காற்றுக் குறைவதாலா?

காற்றுக் குறைவது உண்மைதான். 1868 மீற்றர் உயரத்தில் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்பப் பெற்றோலைக் குறைத்துக் கொடுப்பது, எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியான ஈசியுவின் வேலை. ஏற்றத்தில் இழுவை குறையும், அவ்வளவுதான். ஸ்டார்ட் நிற்காது.

உங்கள் காரில் தளர்ந்திருப்பது பற்றரி. கொழும்புச் சூட்டில் சமாளித்த பற்றரி, தை மாதத்து 5 பாகைக் குளிரில் கால் பங்கு வலுவையாவது இழக்கும். அதே நேரம் ஒயில் தடித்து, எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் கேட்கும். அங்கே மறைந்திருந்த குறை இங்கே வெளியே வருகிறது.

இரவு முழுக்க நின்ற வண்டியில் அளவுங்கள். பற்றரி இருக்கும் டிக்கியைத் திறந்ததும் வண்டியின் கணினிப் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும், பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட் நல்லது. 12.4 சார்ஜ் கேட்கிறது. 12.2 பாதிதான் மிச்சம். 12க்குக் கீழே என்றால் முழுச் சார்ஜ் ஏற்றி, லோட் டெஸ்ட் (சுமை கொடுத்து வோல்ட் எவ்வளவு விழுகிறதென்று பார்ப்பது) செய்த பிறகே மேலே யோசிக்கலாம். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியின் காலம் முடிந்தது. ஓடும் எஞ்சினில் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும்.

சத்தத்தையும் கேளுங்கள். ‘டக்டக்டக்’ என்று அடுக்கடுக்காக வந்தால் வோல்ட் போதவில்லை. ஒரே ஒரு கனத்த ‘டக்’ வந்து லைட்டும் மங்காவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டரைப் பாருங்கள். பற்றரி புதிதாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் பற்றரியின் மைனஸுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே அளவுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எஞ்சினை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் பட்டி துருப்பிடித்திருக்கிறது. மலைநாட்டு ஈரத்தில் இது அடிக்கடி நடக்கும். செலவு மிகச் சொற்பம். உங்கள் மாடலில் போனட்டுக்குள் இன்னொரு சிறிய பற்றரியும் உண்டு. அதை எவருமே மாற்றுவதில்லை. அதையும் அளவுங்கள்.

பதுளை வாசகர்: என் ஜகுவார் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யலாம்?

எந்த ஜகுவார், எந்த ஆண்டு, பெற்றோலா டீசலா, எஞ்சின் சுற்றுகிறதா இல்லையா, லைட் எரிகிறதா, எத்தனை வோல்ட் – எழுதி அனுப்புங்கள். டொக்டரிடம் போய் ‘சுகமில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா?

ஹட்டன் வாசகர்: பி.எம்.டபிள்யூ. 320 டீ, 2008. இரண்டு வருடத்தில் இரண்டு பற்றரி. நான்கு நாள் நிறுத்திவைத்தால் செத்துவிடுகிறது. 12.7 இருந்து 11.6க்கு வந்துவிடுகிறது.

அளந்து எழுதியதற்கு நன்றி. இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கலாம்.

முதலாவது, வண்டி தூங்கும்போது மின் கசிகிறது. போனட்டைத் திறந்து, அதன் பூட்டுக் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி ‘மூடிய’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். டிக்கிப் பூட்டுக்கும் அப்படியே. கதவுகளைப் பூட்டி, சாவியைப் பத்து மீற்றருக்கு அப்பால் வையுங்கள். ஒரு மணித்தியாலம் காத்திருந்து, கேபிளைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டிசி கிளாம்ப் மீற்றரை மைனஸ் கேபிளில் மாட்டிப் பாருங்கள். கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் எல்லாம் மறுபடி விழிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அரை ஆம்பியர் என்றால் நாளுக்கு 12 ஆம்பியர் மணி போகிறது. 80 ஆம்பியர் மணிப் பற்றரி நான்காம் நாள் பாதிக்குக் கீழே. உங்கள் கணக்குக்குச் சரியாக வருகிறதல்லவா?

பியூஸைப் பிடுங்கித் தேடாதீர்கள். ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு புள்ளிகளில் மில்லிவோல்ட் அளவில் மீற்றரை வையுங்கள். பூச்சியம் காட்டாத பியூஸின் வழியாகத்தான் கசிவு. அநேகமாக அது பிற்பாடு பொருத்திய அன்ட்ராய்ட் பிளேயர், ஜிபிஎஸ் டிரெக்கர், டாஷ் கெமரா, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். இல்லாவிட்டால் ஏசி ஊதியின் ரெகுலேட்டர்.

இரண்டாவது, இந்த வண்டியில் புதுப் பற்றரி போட்டால் ஸ்கேனர் மூலம் வண்டியின் கணினியில் பதிவு செய்யவேண்டும். பதியாவிட்டால், வண்டி பழைய கிழட்டுப் பற்றரிதான் இருக்கிறதென்று நினைத்து அதிகமாகச் சார்ஜ் ஏற்றும். ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த பற்றரி) இருந்த இடத்தில் சாதாரணத் தண்ணீர்ப் பற்றரி போட்டிருந்தால், வகையையும் மாற்றிப் பதிய வேண்டும். பற்றரி விற்ற கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

தலவாக்கலை வாசகர்: பென்ஸ் சீ 200. பற்றரி இறங்கியதால் தோட்டத்துக் கொழுந்து லொறியில் இருந்து ஜம்ப் எடுத்தோம். ஒரு நொடி எல்லா லைட்டும் பளிச்சென்று எரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பற்றரி பழுதா?

ஐயா, லொறி 24 வோல்ட். இதை எத்தனை தடவை எழுதுவது!

லொறியில் இருப்பது இரண்டு 12 வோல்ட் பற்றரிகள், தொடராக இணைத்தவை. சிவப்பை ஒன்றின் பிளஸிலும் கறுப்பை மற்றதன் மைனஸிலும் மாட்டினால் 24. லொறி ஓடிக்கொண்டிருந்தால் 28. பல ஈசியுக்கள் ஒரு நிமிடம் 24 வோல்ட் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. ஓடும் லொறியின் 28ஐ, பதினைந்து வருடம் பழகிய பெட்டிகள் தாங்கும் என்று நம்பிக் கேபிள் மாட்டக்கூடாது. ‘இரண்டில் ஒரு பற்றரியில் இருந்து மட்டும் எடுத்தால் 12தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குச் சரி. ஆனால் மழைக்குள், டோர்ச் வெளிச்சத்தில், சேறு படிந்த இரண்டு பற்றரிக்கு நடுவில் எந்தப் போஸ்டில் மாட்டுகிறோம் என்பது தெரியாமல் நடப்பதுதான் நீங்கள் எழுதியிருப்பது. ஆகவே லொறி வேண்டாம், பஸ் வேண்டாம். ஜப்பானில் இருந்து வந்த கூலர் லொறிகளில் உருவம் சிறியதாக இருந்தாலும் 24 வோல்ட் உண்டு. உருவத்தை நம்பாமல் மீற்றரை வையுங்கள். முச்சக்கர வண்டி 12 வோல்ட்தான். அதன் பற்றரி டிக்கிப் பூட்டைத் திறக்க உதவும், எஞ்சினைச் சுற்றாது.

இனிச் செய்யவேண்டியது இது. பற்றரியின் மைனஸைக் கழற்றி, வெளியே எடுத்து, பன்னிரண்டு மணித்தியாலம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுங்கள். அதற்குள் பற்றரிக்கும், அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டனேட்டருக்கும் இடையில் உள்ள பெரிய பியூஸைப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு போயிருக்கும். பிறகு மற்றப் பியூஸ்கள். எல்லாம் சரி என்றால் பற்றரியை மாட்டி, பென்ஸுக்கான ஸ்கேனரை இணைத்து, எந்தப் பெட்டி பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று பட்டியல் எடுங்கள். பதில் சொல்லாத ஒவ்வொன்றுக்கும் 12 வோல்டும் எர்த்தும் வருகிறதா என்று சோதித்த பிறகே அது செத்தது என்று முடிவுகட்டலாம். ஒல்டனேட்டரின் டயோட்டையும் சோதியுங்கள். எடுத்த எடுப்பில் ‘ஈசியு போச்சு, பழைய ஒன்று இருக்கிறது, போட்டுவிடுகிறேன்’ என்று சொல்லும் பாஸிடம் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். பென்ஸின் ஈசியு அந்த வண்டியின் சாவியோடு சோடி சேர்ந்தது. வேறு வண்டியில் கழற்றியதைப் போட்டால் லைட் எரியும், எஞ்சின் எரியாது.

அடுத்த தடவைக்கு: 12 வோல்ட் கார் அல்லது வான். கேபிளின் செம்பு 25 சதுர மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். கடையில் தொங்குபவற்றில் பல, தடித்த பிளாஸ்டிக்குக்குள் மெல்லிய நரம்பு. முதலில் சிவப்பு செத்த வண்டியின் பிளஸில், மறுமுனை நல்ல வண்டியின் பிளஸில். கறுப்பு நல்ல வண்டியின் மைனஸில், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பற்றரிக்குத் தூரமாக. பற்றரி டிக்கியில் இருந்தாலும் போனட்டுக்குள் சிவப்பு மூடியோடு பிளஸ் முனை ஒன்று இருக்கும், அதையே பாவியுங்கள். நல்ல வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அதன் பிறகு ஸ்டார்ட் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும், கேபிளைக் கழற்ற முன் ஹெட்லைட்டையும் பின்கண்ணாடி ஹீற்றரையும் போடுங்கள். கழற்றும்போது எழும் வோல்ட் எகிறலை அவை வாங்கிக்கொள்ளும்.

கண்டி வாசகர்: பென்ஸ் சீ 180, 2009. சாவியைப் போட்டால் லைட் கூட இல்லை. பற்றரி 12.6. ஹோன் அடிக்கிறது.

சாவியை நுழைத்ததும் ஸ்டியரிங் தண்டுக்குள் ‘விர்ர்’ என்று சிறு சத்தம் கேட்குமே, அது வருகிறதா? வராவிட்டால் ஸ்டியரிங் லொக்கின் குட்டி மோட்டர் தேய்ந்துவிட்டது. இந்த மாடலின் பேர்போன நோய். சாவி உள்ளே இருக்க, தண்டின் அடிப்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் சிலவேளை உயிர் வரும். வந்தால் சாவியை வெளியே எடுக்காமல் நேரே கராஜுக்கு ஓட்டுங்கள். எடுத்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். பழைய லொக் வாங்காதீர்கள், அதுவும் வண்டியோடு சோடி சேர்ந்தது. முதலில் சாவியின் பற்றரியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாடலில் சாவியை உள்ளே நுழைத்தபின் அதற்கு வேண்டிய மின்சாரம் துவாரத்தில் இருந்தே கிடைக்கும். மாற்றிப் பலன் இல்லை.

பண்டாரவளை வாசகர்: அவுடி ஏ4, 2006. இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு ஸ்டார்ட் இல்லை. கால் விரிப்பு ஈரம்.

கார் சவுக்கு (சில்வர் ஓக்) மரத்துக்குக் கீழே நிற்கிறதா? தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் அந்த மரத்தின் இலை, வைப்பரின் கீழ் உள்ள தட்டில் விழுந்து வடிகாலை அடைத்துவிடும். உங்கள் மாடலில் பற்றரியும் ஈசியு பெட்டியும் அந்தத் தட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பற்றரியைக் கழற்றினால் அதன் கீழ் ஒரு துவாரம், பிரேக் சேர்வோவின் கீழ் இன்னொன்று. இரண்டிலும் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டுக் கையால் இலையைத் தோண்டுங்கள். கம்பியால் குத்தித் தள்ளினால் கீழே போய் இன்னும் இறுகும். ஈசியு பெட்டிக்குள் தண்ணீர் இருந்தால் பற்றரியை இணைக்க வேண்டாம். ஈரத்தில் மின் போனால் முனைகள் பச்சையாகி அரிக்கும். விரிப்பைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சையும் உலர்த்துங்கள். மேலே காய்ந்திருக்கும், கீழே ஒரு வாளித் தண்ணீர் இருக்கும்.

வெலிமடை வாசகர்: பென்ஸ் ஈ 240. நீண்ட ஏற்றம் ஏறி நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அரை மணித்தியாலம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல் ஆகிறது.

கிராங்க் சென்சர், அதாவது எஞ்சின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் உணரி. எஞ்சின் சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசையாமல் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். எஞ்சினின் பின்புறம், கியர் பெட்டி சேரும் இடத்தில், ஈ8 சொக்கட்டுக்கு ஒரே ஒரு போல்ட். கைபழகியவருக்கு அரை மணித்தியால வேலை. பெயர் தெரியாத மலிவுச் சென்சர் வாங்கினால் ஆறு மாதத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

மஸ்கெலியா வாசகர்: டீசல் ரேஞ்ச் ரோவர். விடிய நெடுநேரம் சுற்றி, வெள்ளைப் புகையோடு ஸ்டார்ட் ஆகிறது. ஸ்டார்ட் ஸ்பிரே அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். குளிரில் டீசல் எரிய உதவும் ஹீற்றர் பிளக் சிவந்திருக்கும் நேரத்தில் ஸ்பிரேயில் உள்ள ஈதர் உள்ளே போனால் பிஸ்டன் உடையும். ஹீற்றர் பிளக்கின் இணைப்பைக் கழற்றி, முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓம் அளவுங்கள். ஒன்றுக்குக் கிட்ட வந்தால் சரி. முடிவிலி காட்டினால் செத்தது. கழற்றுவதை எஞ்சின் சூடாக இருக்கும்போது, முதல் நாள் துரு நீக்கி ஒயில் விட்டு ஊறவைத்துச் செய்யவேண்டும். எம்10 பிளக்கில் 35 நியூட்டன் மீற்றருக்கு மேல் முறுக்கவே கூடாது. உள்ளே முறிந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலை. பிளக் எல்லாம் நல்லதென்றால் அவற்றுக்கு மின் கொடுக்கும் ரிலே, பிறகு டீசல் பில்டர், பிறகு இன்ஜெக்டரின் திரும்பு வழியில் கசிவு. வரிசையை மாற்றி இன்ஜெக்டரில் தொடங்குபவர்தான் பெரிய பில் தருவார். அதற்கெல்லாம் முன்பு வோல்ட்!

நானுஓயா வாசகர்: செத்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-டிரைவ் வண்டியைக் கயிறு கட்டி இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இழுக்கலாமா?

கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தட்டு லொறியில்தான் போகவேண்டும். எஞ்சின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதியோடு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். அந்த வளைவுகளில் அது விளையாட்டில்லை. நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியவருக்கும் இதுவே பதில்.

கம்பளை வாசகர்: எலி வயரைக் கடிக்கிறது. பாச்சை உருண்டை போதுமா?

போதாது. வயருக்குக் கம்பி வலைக் குழாய், போனட்டுக்குள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்வை. பக்கத்தில் உருளைக்கிழங்குச் சாக்கு அடுக்காதீர்கள்.

பதுளை, இன்னொரு வாசகர்: 2010 பி.எம்.டபிள்யூ. 520 டீ ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததை ஒட்டுப்போட்டு ஓட்டிய வண்டிகள் இப்போது சந்தைக்கு வருகின்றன. அந்த வருடத்து இரண்டு லீற்றர் டீசலில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம் இருக்கிறது. அதை மாற்ற எஞ்சினையோ கியர் பெட்டியையோ இறக்கவேண்டும். 1500 முதல் 2000 ஆர்பிஎம்மில் பின்பக்கத்தில் இருந்து சங்கிலி உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் விலையைப் பேசவே வேண்டாம். பற்றரி எப்போது மாற்றியது, பதிந்தார்களா, ஏஜிஎம்மா என்று கேளுங்கள். போனட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். ‘உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறேன்’ என்று விற்பவர் சொன்னால், நாளைக் காலை ஐந்தரைக்கு வருகிறேன், அதுவரை சாவியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.