விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம்: கடைசி மாதச் சிக்கல்களும் மருந்து வைத்துப் பெறும் பேறும்

முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் மருத்துவமாதாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பேறு நெருங்கும் தாய்மாரும் அவர்களின் வீட்டாரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உங்களைத் தொட்டுச் சோதித்துப் பார்த்தவர் சொல்வதுதான் முதல். என் பதில் அதற்குப் பிறகுதான்.

கேள்வி (கொக்குவில்): அன்ரி, எனக்கு 36 வாரம், தலைப்பிள்ளை. இரண்டு கிழமையாகக் கால் வீக்கம், இப்போது முகமும் ஊதின மாதிரி இருக்கிறது. மாமி நீர்முள்ளி அவித்துத் தருகிறா. போன கிளினிக்கில் பிறஷர் 130/85, பயமில்லை என்றார்கள். நேற்றிலிருந்து தலையிடி. அடுத்த கிளினிக் வெள்ளிக்கிழமை. அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம் பிள்ளை. இதை வாசித்து முடித்ததும் வெளிக்கிட்டுப் போய்ப் பிறஷரும் சிறுநீரும் பாருங்கள்.

கால் வீக்கம் மட்டும் என்றால் இவ்வளவு அவசரப்படுத்த மாட்டேன். கடைசி மாதங்களில் அது நிறையப் பேருக்கு வரும், இரவு படுத்து எழும்பக் குறையும். மோதிரம் கழற்ற ஏலாமல் விரல் வீங்குவதும், காலையில் கண் இமை தடித்திருப்பதும், கூடவே தலையிடியும் வந்தால் அது வேறு கதை. 20 வாரத்துக்குப் பிறகு பிறஷர் 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் அது முன்சூல்வலிப்பு. ஊரில் 'பிறஷர்' என்று ஒரே சொல்லில் சொல்வதால், வயது போனவர்களுக்கு வரும் பிறஷர் போல ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். இது நச்சுக்கொடியில் தொடங்கி இரத்தக் குழாய்களைக் கெடுத்து, சிறுநீரகம், ஈரல், மூளை என்று போகிற நோய். முற்றினால் வலிப்பு வரும். கண் மங்கினாலோ, கண்ணுக்கு முன்னால் வெள்ளி பறந்தாலோ, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ நோ வந்தாலோ ஒரு நிமிடமும் வீட்டில் நிற்கக் கூடாது. அந்த நெஞ்சுக்குழி நோவை வாய்வு என்று எண்ணி உள்ளி சுட்டுக் கொடுத்த வீடுகள் எத்தனையோ கண்டிருக்கிறேன்.

மாமி அன்பில்தான் நீர்முள்ளி அவிக்கிறா. வீக்கம் கொஞ்சம் வற்றக்கூடும், ஆனால் உள்ளே இருக்கிற நோய் வற்றாது. குடித்ததை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கர்ப்பிணிப் பதிவேட்டைத் திருப்பி, மூன்றாம் மாதத்தில் பிறஷர் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். 100/60இல் தொடங்கியவருக்கு 130/85 சின்ன ஏற்றம் இல்லை. அதுவும் போன கிளினிக் கணக்கு. பிறஷர் ஒரே இரவில் ஏறும்.

கேள்வி (சுன்னாகம்): அன்ரி, எனக்கு 40 வாரம் தாண்டி 4 நாள். நோ வராவிட்டால் திங்கட்கிழமை வாட்டில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், மருந்து வைப்பார்களாம். உங்களுக்கும் அப்படித்தான் பிள்ளை பிறந்தது என்று அம்மா சொன்னா. என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆமணக்கெண்ணெய் குடித்தால் அதற்கு முதல் நோ வரும் என்கிறார்களே?

பதில்: ஆமணக்கெண்ணெய் குடிக்க வேண்டாம். வயிற்றோட்டமும் சத்தியும்தான் நிச்சயம், நோ வருவது நிச்சயமில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போய்ப் பிரசவ அறைக்கு வந்தால் தாய்க்கும் பாடு, பிள்ளைக்கும் பாடு.

என் கதை 1998இல். 37 வாரம். அப்போது மருத்துவமாதாக ஐந்து வருடம் வேலை செய்திருந்தேன், மேலே கொக்குவில் பிள்ளைக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். இரவு எட்டு மணிபோலத் தலையிடி தொடங்கியது. வெளியே ஊரடங்கு. அம்மா வேர்க்கொம்பு அரைத்து நெற்றியில் பூசிவிட்டு, "விடியட்டும் பிள்ளை" என்றா. மேசை விளக்கைப் பார்த்தேன், சுடரைச் சுற்றி வெள்ளி வெள்ளியாகப் பறந்தது. அது என்ன அடையாளம் என்று தெரிந்துகொண்டே, விடியும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஊரடங்கு எடுத்ததும் அண்ணாவின் சைக்கிள் கரியரில் போனேன். 170/110.

பிறஷரைக் குளிசையால் இறக்கிவிட்டுக் கையால் சோதித்தார்கள். கருப்பைக் கழுத்து மூடிக் கட்டியாக இருந்தது. உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், அப்படி இருக்கும். பிள்ளை பிறக்க அது உதடு போல இளக வேண்டும். அதனால் மருந்து வைப்பது என்றால் இரண்டு வேலை: முதலில் அந்தக் கழுத்தைப் பழுக்க வைப்பது, பிறகு நோவை வரச் செய்வது. தாய்மாருக்குத் தெரியாமல் இருப்பது அந்த முதல் வேலை பற்றித்தான். ஊசி போட்டதும் நோ வரும், பின்னேரத்துக்குள் பிள்ளை பிறக்கும் என்று நம்பி வருகிறார்கள்.

பழுக்க வைக்க இரண்டு வழி உண்டு. புரொஸ்டாகிளாண்டின் மருந்தை ஜெல்லாகவோ குளிசையாகவோ உள்ளே வைப்பார்கள். இல்லையென்றால் ஃபோலி கதீற்றர், சிறுநீர் எடுக்கிற அதே மெல்லிய குழாய்தான். அதன் நுனியில் உள்ள பலூனைக் கழுத்துக்கு மேலே கொண்டுபோய் 30 முதல் 60 மில்லிலீற்றர் வரை தண்ணீர் ஏற்றுவார்கள். அது அழுத்த அழுத்தக் கழுத்து இளகித் திறக்கும். 3 சென்றிமீற்றர் அளவு திறந்ததும் குழாய் தானாக வழுக்கி விழும். விழுந்ததும் பயந்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். அது விழுவது நல்ல செய்தி. கழுத்து இடம் கொடுத்ததும் பன்னீர்க்குடத்தை உடைத்து, நோ போதாவிட்டால் ஒக்சிற்றோசினைச் சேலைனில் கலந்து துளித்துளியாக ஏற்றுவார்கள்.

எனக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு முதல் ஜெல் வைத்தார்கள். இரவு முழுவதும் அடிவயிற்றில் லேசான இழுவை, வேறொன்றும் இல்லை. அடுத்த நாள் காலை இரண்டாவது ஜெல். மத்தியானம் கழித்துக் குடம் உடைத்துச் சேலைன் ஏற்றினார்கள். அடுத்த விடியப்புறம் மூன்று மணிக்கு மகள் பிறந்தாள், 2.3 கிலோ. எல்லாமாக 33 மணித்தியாலம்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை அந்த இரண்டாவது காலை, மருந்து தனக்கு வேலை செய்யவில்லை, உடம்பில் ஏதோ குறை என்று விம்மி விம்மி அழுதா. ஒன்றும் குறையில்லை, இது இரண்டு நாள் எடுக்கிற வேலை என்று அவவுக்கு அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நானும் அதுவரை என்னிடம் வந்த தாய்மாருக்கு அதைச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

ஆகவே திங்கட்கிழமை போகும்போது இரண்டு நாள் நிற்கிற எண்ணத்தோடு போங்கள். 41 வாரம் தாண்டினால் நச்சுக்கொடி களைக்கத் தொடங்கும், பிள்ளை வயிற்றிலேயே போய்விடுகிற ஆபத்து மெல்ல ஏறும். அதனால்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கிடையில் பிள்ளையின் அசைவு குறைந்தாலோ தண்ணீர் போனாலோ திங்கள் வரை நிற்க வேண்டாம். தண்ணீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ போனால் பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது, இன்னும் கெதியாகப் போக வேண்டும்.

கேள்வி (மானிப்பாய்): மருந்தால் வரும் நோ தானாக வரும் நோவைவிடக் கடுமையா?

பதில்: பலருக்கு அப்படித்தான், மறைக்க மாட்டேன். தானாக வரும்போது மெதுவாகத் தொடங்கி ஏறும், உடம்பு பழகும். சேலைனில் வரும்போது கெதியாக நெருங்கி வரும். நோக்குறைக்கும் ஊசி உண்டு, கேளுங்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே நோவை மரக்கச் செய்கிற எபிடூரல் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. 10 நிமிடத்துக்குள் ஐந்துக்கு மேல் நோ வந்தாலோ, இரண்டு நோவுக்கு நடுவில் வயிறு இளகாவிட்டாலோ உடனே மிஸ்ஸியை, அதாவது தாதியை, கூப்பிடுங்கள். சேலைனைக் குறைக்கவோ நிற்பாட்டவோ வேண்டிவரும். பிள்ளையின் இதயத் துடிப்பை மெசினில் பார்த்துக்கொண்டிருப்பதும் அதற்காகத்தான்.

கேள்வி (நல்லூர்): மகளுக்குச் சலரோகம், இன்சுலின் போடுகிறா. 38 வாரத்தில் மருந்து வைக்க வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அன்று அட்டமி. நாலு நாள் தள்ளிக் கேட்டால் குறையா?

பதில்: அம்மா, நானும் பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் பிறந்தவள். ஆனால் மருந்து வைக்கிற நாள் பிள்ளை பிறக்கிற நாள் இல்லை. வியாழன் தொடங்கினால் வெள்ளி இரவோ சனி விடியவோ ஆகலாம். எந்த நட்சத்திரத்தில் பிறக்கும் என்று எவராலும் முன்கூட்டிக் குறிக்க ஏலாது.

சீனி கூடிய தாயின் பிள்ளை கடைசிக் கிழமைகளில் பருத்துக்கொண்டே போகும். தலை வந்து தோள் சிக்கினால் அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் உயிர் போய் வரும். என் கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. வியாழனே கூட்டிக்கொண்டு போங்கள். போகும் வழியில் கந்தசுவாமியாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுப் போங்கள்.

கேள்வி (உரும்பிராய்): 38 வாரம். பிள்ளை முன்பு போல உதைப்பதில்லை. இடம் காணாது, கடைசியில் அடங்கிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: எல்லோரும் சொல்வது பிழை. உதை உருளலாக மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது, நோ தொடங்கும் வரைக்கும் குறையக் கூடாது. ஏதாவது இனிப்புக் குடித்துச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். குறைந்தது என்று உங்களுக்குத் தெரிகிறது, அதுவே போதும். இப்போதே போங்கள். இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோசமாக வாருங்கள். நாளைக்குத் திரும்பவும் குறைந்தால் திரும்பவும் போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி (சாவகச்சேரி): 34 வாரம். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க ஏலாத அரிப்புக் கடி. தடிப்பு ஒன்றும் இல்லை. வேப்பெண்ணெய் பூசினோம், நிற்கவில்லை.

பதில்: தோலில் ஒன்றுமில்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடித்தால் ஈரலைப் பார்க்க வேண்டும். பித்தம் வடிவாக வடியாமல் இரத்தத்தில் தேங்குகிற ஒரு கோளாறு கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில் வருவதுண்டு. தாய்க்கு அது கடி மட்டும்தான், ஆனால் பித்த அமிலம் மிகவும் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. ஈரல் சோதனையும் பித்த அமிலச் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த அளவைப் பார்த்துத்தான் எத்தனையாவது வாரத்தில் பிள்ளையை எடுப்பது என்று முடிவு செய்வார்கள்.

கேள்வி (நெடுந்தீவு): அக்கா, மனைவிக்கு இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை சிசேரியன். எப்போது இக்கரைக்கு வந்து நிற்க வேண்டும்? மருந்து வைக்க முடியுமா?

பதில்: குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட, அங்கிருந்து பட்டணத்துக்கு இன்னொரு ஓட்டம். சோழகக் காற்றுக்காலம் என்றால் கடலை நம்பி நாள் குறிக்கவே ஏலாது. பழைய வெட்டு இருப்பதால் 36 வாரத்திலேயே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாட்டில் முன்கூட்டியே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து வைப்பதைப் பெரிய வைத்தியர்தான் தீர்மானிப்பார். பழைய தையல் பிரியும் பயத்தால் புரொஸ்டாகிளாண்டினைத் தவிர்த்து, பலூன் முறையைத்தான் அதிகம் யோசிப்பார்கள். முதல் ஒப்பரேசன் ஏன் செய்தார்கள் என்று எழுதிய துண்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

கேள்வி (வட்டுக்கோட்டை, இரவு 10.40): அக்கா, மனைவிக்குப் பிள்ளை பிறந்து இன்று ஆறாம் நாள். வயிற்றில் இருக்கும்போது பிறஷர் இருந்தது, பிறந்ததோடு சரி என்று விட்டார்கள். பின்னேரத்திலிருந்து கடும் தலையிடி, வெளிச்சம் பார்க்க ஏலாதாம். தலையில் குளிர் ஏறிவிட்டது என்று மாமி சாம்பிராணிப் புகை போடுகிறா. விடியக் கூட்டிக்கொண்டு போகவா?

பதில்: தம்பி, இப்போது. 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பிள்ளை பிறந்த பிறகும் இந்த நோய் ஆறு கிழமை வரை வரலாம், வலிப்பும் வரலாம். மாமியை நான் குறை சொல்லவில்லை. இரவில் வெளிக்கிட ஏலாத காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் நாங்கள், விடியட்டும் என்ற சொல் அப்போதிலிருந்து எங்கள் வாயில் ஒட்டிக்கிடக்கிறது. இன்றைக்கு ஊரடங்கு இல்லை. பதிவேட்டை எடுங்கள், பிள்ளையையும் கூடவே கொண்டு போங்கள். போய்விட்டு எனக்கு ஒரு சொல் எழுதுங்கள்.

வட்டுக்கோட்டை, இரவு 1.15: வந்துவிட்டோம் அக்கா. பிறஷர் 170/110. மக்னீசியம் ஊசி போட்டு வாட்டில் வைத்திருக்கிறார்கள். தலையிடி குறைகிறது என்கிறா. பால் கொடுக்கலாமா? அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருமா?

பதில்: அப்பாடா. வலிப்பு வராமல் தடுக்கிற மருந்து அது, ஏறும்போது உடம்பு சுடுகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஏறினாலும் பால் கொடுக்கலாம். பிறஷருக்கு வழக்கமாகக் கொடுக்கிற நிபெடிபைன், லபெற்றலோல் குளிசைகளும் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவைதான். எழும்ப ஏலாவிட்டால் படுத்தபடியே கொடுக்கட்டும், நீங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே கர்ப்பம் என்று தெரிந்ததும் முதல் கிளினிக்கிலேயே இதைச் சொல்லுங்கள். 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு அஸ்பிரின் தருவார்கள், அது ஆபத்தைக் குறைக்கும். இப்போதைக்கு, வீட்டுக்கு விட்டாலும் குளிசையைத் தானாக நிற்பாட்ட வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிடுங்கள், அவ வீட்டுக்கு வந்து பார்ப்பா.